வெட்டாமல் விட்ட மரம் ஏன் பட்டுப்போகிறது? சாலை விரிவாக்கமும் வேலூர்ப் பக்கத்துப் புளிய மரங்களும்

சாலை அகலமாகப் போகிறது என்ற செய்தியில் வழக்கமாக இரண்டு எண்கள் இருக்கும். வெட்டப்போகும் மரங்கள் இத்தனை, விட்டுவைக்கப்போகும் மரங்கள் இத்தனை. சண்டை முழுக்க முதல் எண்ணைச் சுற்றியே நடக்கும். இரண்டாவது எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலை முடிந்த மூன்றாவது, நான்காவது கோடையில் அதே சாலையில் போய்ப் பார்த்தால், விட்டுவைத்த மரங்களில் சில உச்சியில் இலையில்லாமல் மொட்டையாக நிற்கும். இன்னும் இரண்டு வருடம் போனால் பட்ட மரம். விழுந்துவிடும் என்று சொல்லி அப்புறம் அதையும் வெட்டுவார்கள். அந்த வெட்டு எந்தச் சாலைத் திட்டத்தின் கணக்கிலும் ஏறாது.

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டானது. வேலூர் மறுபடி 2019-ல் பிரிந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. மாவட்டங்கள் மாறினாலும் சாலைகள் பழையவைதான். சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48 ராணிப்பேட்டை, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகிறது. 38 வேலூரில் தொடங்கி கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை என்று தெற்கே இறங்கித் தூத்துக்குடி வரை செல்கிறது. 75 குடியாத்தம், பேரணாம்பட்டு வழியாகப் போய், ஆந்திரத்தைத் தொட்டுக் கர்நாடகத்துக்குள் நுழைகிறது. இவற்றை இணைக்கும் மாநில, மாவட்டச் சாலைகள் தனி. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்தச் சாலைகளின் ஓரத்து நிழல் பெரும்பாலும் புளிய மர நிழல். ஆகவே இங்கே புளியை வைத்தே பேசலாம். வேம்பு, ஆல், அரசு, புங்கன் எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்.

எது முக்கியமான மரம்?

கேட்பதற்கு எளிதான கேள்வி. தமிழ்நாட்டுச் சமவெளியில் இதற்குச் சட்டத்தில் நேரான பதில் கிடையாது. மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களுக்கு 1975 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. கர்நாடகத்தில் 1976-லும் டெல்லியில் 1994-லும் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1955-ல் வந்த சட்டம் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதி மரங்களுக்கு மட்டும். சந்தன மரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. சவ்வாது மலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. அரசு நிலத்து மரங்களை வெட்ட வேண்டுமானால் கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் விண்ணப்பம் போக வேண்டும்.

இந்தப் பட்டியலில் சாலையோரப் புளிக்கு அதன் பெயரில் எந்த இடமும் இல்லை. அரசு நிலத்தில் நிற்கும் மரங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். நூறு வயது மரமும் பத்து வயது மரமும் விண்ணப்பத்தில் ஆளுக்கு ஒரு வரி.

மகாராஷ்டிரம் 2021-ல் தன் சட்டத்தைத் திருத்தி, 50 வயதும் அதற்கு மேலும் ஆன மரம் பாரம்பரிய மரம் என்று எழுதியது. கர்நாடகம் இன்னொரு வழியில் போனது. தேவனஹள்ளிக்குப் பக்கத்தில் நல்லூரில் உள்ள 54 ஏக்கர் புளியந்தோப்பை, 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் 2007-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. நாட்டிலேயே முதல் தலம் அதுதான். வெறும் புளிதானே என்பவர்களுக்கு நல்லூர் ஒரு பதில். ஆனால் அது தோப்பு. ஒற்றை வரிசையாக நிற்கும் சாலையோர மரங்களுக்கு அந்த ஏற்பாட்டைப் பொருத்துவது கடினம்.

சட்டம் சொல்லாவிட்டால் நடைமுறையில் யார் சொல்கிறார்கள்? மஞ்சள் துணிதான். அரசும் வேம்பும் பிணைந்து நிற்க, அடியில் நாகர் கல் இருந்து, யாராவது மஞ்சள் குங்குமம் வைத்திருந்தால் அந்த மரத்தைத் தொட காண்டிராக்டர் யோசிப்பார், பொக்லைன் ஓட்டுகிறவர் அதைவிட அதிகமாக யோசிப்பார். பக்கத்தில் நிற்கும், அதைவிட வயதான புளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பேய் குடியிருக்கும் என்ற பெயர் வேறு.

வயதை வைத்துப் பிரிக்கலாமே என்றால் அதிலும் சிக்கல் இருக்கிறது. குளிர்நாட்டு மரங்களைப் போல நம் மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. வயதுக்குப் பதிலாக அளக்கக்கூடியது சுற்றளவு. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், டேப்பைச் சுற்றி எடுக்கும் அளவு. வனத்துறையும் மதிப்பீட்டுக்கு இதைத்தான் எடுக்கிறது.

வேர் ஆழத்தில் இல்லை

மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆணிவேரைப் பற்றிய பள்ளிக்கூடப் படம் மனதில் தங்கிவிட்டதால் வந்தது. புளிக்கு ஆணிவேர் இருப்பது உண்மை. ஆனால் தண்ணீரையும் சத்தையும் இழுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணில், ஏறக்குறைய முதல் இரண்டு அடிக்குள் இருக்கின்றன. காரணம் காற்று. வேரும் மூச்சுவிட வேண்டும், ஆழத்தில் அதற்கு வழி குறைவு. கீழே போக முடியாத வேர் பக்கவாட்டில் ஓடுகிறது, கிளை நுனியின் நிழல் விழும் வட்டத்தையும் தாண்டி.

இந்த வேர்ப்பரப்பில் எவ்வளவு இடத்தைத் தொடாமல் விட வேண்டும்? கட்டுமான இடத்து மரங்களுக்கான பிரிட்டிஷ் தர விதியும் ஆஸ்திரேலிய தர விதியும் ஒரே பெருக்கத்தைச் சொல்கின்றன. அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரமுள்ள வட்டம். இதை வேர்க்காப்பு வட்டம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவிலிருந்து நேராகக் கணக்கிட வேண்டுமானால் நான்கால் பெருக்கினால் போதும், கிட்டத்தட்ட சரியாக வரும்.

வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு சாலையில் 3.2 மீட்டர் சுற்றளவுள்ள புளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் கை கோத்தால் கட்டிப்பிடிக்கும் பருமன்.

1. விட்டம் சுமார் 1 மீட்டர். வேர்க்காப்பு வட்டத்தின் ஆரம் 12 மீட்டர், அதாவது 40 அடி. வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 450 சதுர மீட்டர்.

2. சாலை அகலமாகி, புது மழைநீர்க் கால்வாய் மரத்தின் மையத்திலிருந்து 2 மீட்டர் தள்ளித் தோண்டப்படுகிறது. மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. திட்ட அறிக்கையில் இது காப்பாற்றப்பட்ட மரம்.

3. ஆனால் அந்தக் கால்வாய்க் கோட்டுக்கு அப்பால் சிக்கிய வேர்ப்பரப்பு மொத்தத்தில் சுமார் 39 சதவீதம். ஒரே நாளில் போனது.

4. ஆஸ்திரேலிய விதிப்படி 10 சதவீதம் வரை போனால் சிறு பாதிப்பு, அதற்கு மேல் போனால் நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த மரத்துக்கு 10 சதவீதத்தோடு நிறுத்த வேண்டுமானால் கால்வாயை மையத்திலிருந்து 8 மீட்டருக்கு மேல் தள்ள வேண்டும்.

நம் சாலைகளில் எல்லா மரத்துக்கும் 8 மீட்டர் கிடைக்காது. பழைய தார்ச்சாலையே இந்த வட்டத்துக்குள் தான் பல காலமாக இருக்கிறது, மரம் அதற்கேற்ப வயல் பக்கம் வேரை அதிகம் விட்டிருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, மிச்சமிருக்கும் நல்ல வேர் எந்தப் பக்கம், கால்வாய் எந்தப் பக்கம் வருகிறது என்பதுதான். பெரும்பாலும் இரண்டும் ஒரே பக்கம், வயல் பக்கம்.

கோடரி படாமல் சாகும் விதங்கள்

1. தோண்டல். கால்வாய், குடிநீர்க் குழாய், கேபிள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வேலூர்ப் பக்கத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருப்பதால் சாலையோரமாகப் பெரிய குழாய்கள் ஓடுவது பழகிய காட்சி. சாலைத் திட்டத்தில் வரும்போது இதற்கு, குழாய் மின்கம்பங்களை இடம் மாற்றும் வேலை என்று பெயர். மரக் கணக்கெடுப்பில் இதைச் சேர்ப்பதே இல்லை. வேரை இழுத்துக் கிழிக்கும் பொக்லைன் வாளி, ரம்பத்தால் அறுப்பதைவிடப் பல மடங்கு கெடுதல். கிழிந்த இடத்தில் அழுகல் ஏறும்.

2. மண் கொட்டுவது. சாலை மட்டம் உயர்ந்ததால் ஓரத்தையும் உயர்த்துவார்கள். இரண்டடி கிராவல் மேலே விழுந்தால் கீழே உள்ள வேர் மூச்சுத் திணறும். நிறையப் பேர் இதை மரத்துக்கு நல்லது என்று நினைக்கிறார்கள், மண் அணைத்த மாதிரி இருக்கிறதாம். மரம் தந்திக்கம்பம் போல அடி பருக்காமல் நேராக மண்ணுக்குள் இறங்கினால், அது புதைக்கப்பட்ட மரம்.

3. இறுக்கம். ரோடு ரோலரும் ஜல்லி லாரியும் நிற்க நிழலான இடம்தான் தேடும். கலவை போடவும் ஆட்கள் ஓய்வெடுக்கவும் அதே நிழல்தான். ஒரு மாதம் வண்டி நின்ற மண் கல்லாகிவிடும். மழைத் தண்ணீர் இறங்காது, காற்று போகாது. இது கண்ணுக்குத் தெரியாத காயம் என்பதால் யாரும் எழுதி வைப்பதில்லை.

4. அடிமரம் வரை தார் அல்லது சிமென்ட். இதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவே இருக்கிறது. டெல்லி மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை எடுக்க வேண்டும் என்று 2013 ஏப்ரலில் சொன்னது. மேலே பார்த்த கணக்குக்கு முன் 1 மீட்டர் மிகவும் சொற்பம், ஆனாலும் அதுகூட எத்தனை ஊரில் இருக்கிறது?

5. ஒருபக்கக் கிளை வெட்டு. லாரிக்கு உயரம் வேண்டும், சாலைப் பக்கக் கிளைகளை மட்டும் கழிப்பார்கள். மறுபக்கம் பாரம் கூடி, அந்தப் பக்கத்து வேரும் கால்வாயில் போயிருந்தால், அடுத்த பெருங்காற்றில் மரம் வயலில் கிடக்கும்.

மரம் உடனே சாவதில்லை என்பதுதான் இதில் பெரிய தொல்லை. அடிமரத்திலும் கிளையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தை வைத்து மூன்று முதல் ஏழு வருடம்கூட ஓட்டும். அதற்குள் காண்டிராக்டர் பில் வாங்கி, பொறியாளர் மாற்றலாகி, கோப்பு மூடப்பட்டிருக்கும்.

முடிவு எந்த மேஜையில் நடக்கிறது?

மரத்தில் எண் எழுதும்போதுதான் ஊருக்குத் தெரிகிறது. உண்மையில் அப்போது முடிவு எடுத்து வெகுநாள் ஆகியிருக்கும். வரிசை இப்படிப் போகும்: சர்வே, சாலையின் நடுக்கோட்டை வரைதல், குறுக்குவெட்டு வரைபடம், விரிவான திட்ட அறிக்கை, நிதி ஒப்புதல். அதற்குப் பிறகுதான் மரக் கணக்கெடுப்பும் மதிப்பீடும், பசுமைக் குழு அனுமதி, ஏலம், வெட்டு. பசுமைக் குழுவின் முன் மரம் வரும்போது நடுக்கோடு ஏற்கெனவே கல்லில் எழுதியாகிவிட்டது. குழு சொல்லக்கூடியது ஆம் அல்லது சில மரங்களை விடுங்கள் என்பது மட்டும்.

பொது விசாரணை இருக்குமே என்று சிலர் நம்புகிறார்கள். 2006-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2013-ல் திருத்தப்பட்டபோது, இருக்கும் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்த முன் அனுமதி தேவைப்படும் எல்லை உயர்ந்தது. 100 கிலோமீட்டருக்கு மேல் நீளம், கூடவே பழைய தடத்தில் 40 மீட்டருக்கு மேல் கூடுதல் நிலம் என்று இரண்டும் சேர்ந்தால்தான். நம் பக்கத்து இருவழிச் சாலை வேலைகளில் அநேகம் இதற்குள் வராது. அதாவது விசாரணை மண்டபம், மைக், மனு எதுவும் கிடையாது.

கோட்டை எங்கே போடலாம்?

சாலையை இரண்டு பக்கமும் சமமாக அகலப்படுத்தினால் இரண்டு வரிசை மரமும் போகும். ஒரு பக்கம் மட்டும் அகலப்படுத்தினால் ஒரு வரிசை முழுசாக மிஞ்சும். இவ்வளவு எளிதான விஷயத்தை ஏன் செய்வதில்லை? நிலம். சமமாக அகலப்படுத்தும்போது சாலைப் புறம்போக்குக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கத்துப் பட்டா நிலத்தைக் கையகப்படுத்த வேண்டும், யாருடைய தென்னையோ, கடையோ, வீட்டுத் திண்ணையோ போகும். மரத்துக்காக என் நஞ்சை நிலத்தைக் கொடுப்பேனா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். மரம் காக்கும் செலவை அந்த ஒருவர் தலையில் கட்டாமல் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும், இது என் கருத்து.

இன்னொரு வழி, பழைய சாலையை ஒரு திசைக்கு வைத்துக்கொண்டு மர வரிசைக்கு அப்பால் மறு திசைக்குப் புதுப் பாதை போடுவது. மரங்கள் நடுவில் அகலமான மீடியனாக நிற்கும். தெலங்கானாவில் ஹைதராபாத் - பிஜாப்பூர் சாலையில் செவெள்ளா ஆலமரங்கள், சுமார் 900, இந்த வாதத்தின் மையமாக இருந்தன. பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகுதான், இருக்கும் இடத்திலேயே எத்தனை மரங்களை வைக்கலாம் என்று வடிவமைப்பைத் திரும்பப் பார்த்தார்கள்.

மரத்தை விட்டால் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. பீகாரில் ஜெகனாபாத் பக்கம் பாட்னா - கயா சாலையில் 2025-ல் என்ன ஆனது? மரங்களை அகற்ற அனுமதி வராமலே சாலையைப் போட்டுவிட்டார்கள். ஓடுபாதையின் நடுவில் மரங்கள் நின்றன. அது மரத்துக்கும் கேடு, வண்டிக்காரருக்கும் கேடு. தார் விளிம்பை ஒட்டி நிற்கும் அடிமரம் இரவில் ஆளைக் கொல்லும். அங்கே கருப்பு வெள்ளைப் பட்டை, ஒளிரும் பலகை, இரும்புத் தடுப்பு, வேகக் குறைப்பு எல்லாம் வேண்டும். இதெல்லாம் செய்தும் முடியாத இடத்தில் அந்த மரத்தை வெட்டத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொள்வது நேர்மை.

பிடுங்கி நடுவதும், ஒன்றுக்குப் பத்தும்

வேரோடு எடுத்து வேறு இடத்தில் நடுகிறோம் என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, எந்த மரம்? ஆலும் அரசும் போத்து வெட்டி நட்டாலே துளிர்க்கும் சாதி. அவற்றுக்கு வாய்ப்பு உண்டு. முதிர்ந்த புளிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. டெல்லி 2020-ல் இதற்கென்றே கொள்கை வகுத்தது, ஒரு வருடம் கழித்து 80 சதவீதம் பிழைத்திருக்க வேண்டும் என்றது. 2022-ல் அந்த அரசே நீதிமன்றத்தில் சொன்ன கணக்கு: இடம் மாற்றிய 16,461 மரங்களில் பிழைத்தது மூன்றில் ஒரு பங்கு.

அப்புறம் ஒன்றுக்குப் பத்துக் கன்று. 15 மீட்டர் விரிந்த புளியின் நிழல் சுமார் 177 சதுர மீட்டர். ஒரு மீட்டர் குடை விரித்த பத்துக் கன்றுகளின் நிழல் மொத்தம் 8 சதுர மீட்டர். எல்லாம் பிழைத்தாலும் இருபதில் ஒரு பங்கு வராது. கன்று நடுவதற்கு எதிராக இதைச் சொல்லவில்லை. மத்திய அரசின் 2015-ம் ஆண்டுப் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை திட்டச் செலவில் 1 சதவீதத்தை நடுதலுக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கச் சொல்கிறது, அது நல்லதே. ஆனால் கன்று எங்கே நடப்படுகிறது? கண்ணமங்கலத்தில் போன நிழலுக்கு வேறொரு தாலுகாவில் குழி வெட்டினால் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு என்ன பயன்?

மரத்துக்கு விலை வைத்துப் பார்த்ததும் உண்டு. மேற்கு வங்கத்தில் ஜெசூர் சாலையில் ஐந்து ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, ஒரு மரத்தின் மதிப்பு வருடத்துக்கு 74,500 ரூபாய் என்று 2021-ல் சொன்னது. அதை வயதால் பெருக்க வேண்டும். நாடெங்கும் பரபரப்பாகப் பேசப்பட்ட தொகை. 2023-ல் அந்த மரங்களை வெட்ட அதே நீதிமன்றம் அனுமதித்தது.

ஊர்க்காரர் எதைக் கேட்கலாம்?

1. எண் எழுதும் வரை காத்திருக்காமல், சர்வே ஆட்கள் கல் நடும்போதே திட்ட அறிக்கையின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் மனுப் போடலாம். மாநில நெடுஞ்சாலையா, தேசிய நெடுஞ்சாலை ஆணையமா என்று முதலில் தெரிந்துகொள்ளாவிட்டால் மனு ஊர் சுற்றும்.

2. மரங்களின் பட்டியலைத் தாங்களே தயாரிப்பது. புளிய மர மகசூலை ஏலம் விடும் வழக்கம் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஊராட்சிகளுக்கும் நெடுங்காலமாக உண்டு. எந்த மரம் எங்கே என்ற பழைய எண்கள் அந்த ஏலக் காகிதங்களில் கிடைக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றளவை மட்டும் சேர்த்தால் போதும். கிராம சபையில் தீர்மானமாகப் போட்டால் அது பதிவாகிவிடும். திங்கட்கிழமைக் குறைதீர்வு நாளில் அதன் நகலோடு மனுக் கொடுப்பதற்கும், வெறும் கையோடு போய் மரத்தைக் காப்பாற்றுங்கள் என்பதற்கும் நிறைய வித்தியாசம்.

3. விட்டுவைக்கும் மரம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மீட்டர் தள்ளித் தோண்டுவீர்கள் என்று எழுத்தில் கேட்பது. குழாய் கட்டாயம் அந்த வழியாகத்தான் போக வேண்டுமானால், வேருக்கு அடியில் துளைபோட்டுக் கொண்டுபோகும் கருவிகள் இருக்கின்றன. மரத்துக்கு மரம் வேர்க்காப்பு வட்டத்துக்குள் வரும் நீளத்துக்கு மட்டும் அதைச் செய்யச் சொல்லலாம்.

4. வேலை நடக்கும்போது மரத்தைச் சுற்றிச் சவுக்குக் கழியும் கயிறும் கட்டச் சொல்வது. பாதுகாப்பு வேலி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். லாரி நிழலில் நிற்காமல் இருந்தால் போதும்.

5. வேலை முடிந்த பிறகு ஐந்து வருடம் ஒவ்வொரு மே மாதமும் அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து வைப்பது. உச்சிக்கிளை காய்கிறதா என்பதுதான் முதல் அடையாளம். அது தெரிந்த வருடமே தண்ணீர் விட்டால் சில மரங்கள் தேறும். தண்ணீரை அடிமரத்தில் ஊற்றாமல், கிளை நுனியின் நிழல் விழும் வட்டத்தில், வெட்டுப்படாத பக்கத்தில் ஊற்ற வேண்டும். அந்தப் பக்கம் யாராவது ஒருவரின் வயலாக இருந்தால், அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.